தட்டை ஒதுக்கி வைத்த பெரியவர்

கேள்வி: நாங்கள் திருப்பூர்க்காரர்கள். என் கணவருக்குப் பின்னலாடைத் தொழிலில் வேலை. மூன்று வருடமாக லூதியானாவில் வாடகை வீட்டில் இருக்கிறோம். மாடியில் வீட்டுக்காரர் குடும்பம், சீக்கியர்கள். மகன் பிறந்தநாளுக்கு அவர்களை அழைத்து மட்டன் பிரியாணி செய்தேன். பெரியவர் தலைப்பாகை, கிர்பான் என்ற சிறு வாள் எல்லாம் அணிபவர். பரிமாறியதும், "பேட்டா, கறி எந்தக் கடையில் வாங்கினது?" என்று மெல்லக் கேட்டார். மலேர்கோட்லாக்காரர் ஒருவரின் ஹலால் கடை என்றேன். தட்டை ஒதுக்கி வைத்துவிட்டுத் தயிரும் கேசரியும் மட்டும் சாப்பிட்டார். அவர் தம்பியோ இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். தம்பி மனைவி கறிப் பக்கமே வரவில்லை. அப்புறம் அண்ணனுக்கும் தம்பிக்கும் வாக்குவாதம் வேறு. எனக்குக் கூனிக் குறுகிப் போய்விட்டது. சீக்கியர்கள் கறி சாப்பிடலாமா, கூடாதா? மூவரில் யார் செய்தது சரி? எல்லாம் முஸ்லிம்கள் மேல் உள்ள வெறுப்பு என்கிறார் என் கணவர். அப்படித்தானா?

- பெயர் வேண்டாம் என்ற வாசகி, லூதியானா

பதில்: அன்புத் தங்கைக்கு, முதலில் மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். அன்று நீங்கள் ஒரு பெரிய காரியம் செய்திருக்கிறீர்கள். அவர் கேட்டார், நீங்கள் மழுப்பாமல் சொன்னீர்கள். "பக்கத்துக் கடைதான் அங்கிள்ஜி, சாப்பிடுங்க" என்று சொல்லியிருந்தால் அவரும் நம்பிச் சாப்பிட்டிருப்பார். பின்னால் தெரியவந்திருந்தால் உடைந்து போயிருப்பார்.

நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் அவர் அமிர்தம் எடுத்தவர், அதாவது தீட்சை பெற்ற சீக்கியர்களின் சமூகமான கால்சாவில் முறைப்படி சேர்ந்தவர். அப்படிச் சேர்ந்தவர்கள் செய்யவே கூடாதவை நான்கு: முடி வெட்டுவது, புகையிலை, துணையைத் தவிர வேறொருவருடன் உறவு, 'குட்டா' தின்பது. இதில் ஒன்றை மீறினாலும் 'பஞ்ச் பியாரே' என்ற ஐவர் முன்னால் நின்று ஒப்புக்கொண்டு, மறுபடியும் அமிர்தம் எடுக்க வேண்டும். உங்கள் பிரியாணி அவருக்குப் பிடிக்காமல் போகவில்லை. அந்தத் தட்டில் இருந்தது அவருடைய சத்தியம்.

குட்டா என்றால் என்ன என்பதில்தான் இத்தனை சண்டையும். குருத்வாராக்களை நிர்வகிக்கும் சிரோமணி குருத்வாரா பிரபந்தக் கமிட்டி 1945-ல் ஏற்றுக்கொண்ட 'ரஹித் மரியாதா' என்ற நடத்தை விதி, முஸ்லிம் முறையில் அறுத்த விலங்கின் இறைச்சி என்று அதற்குப் பொருள் சொல்கிறது. கறியே கூடாது என்று அந்த விதியில் இல்லை. சீக்கியர்களின் உச்ச சமயப் பீடமான அகால் தக்த் 1980-ல் தந்த விளக்கமும் இதேதான். ஒரே வெட்டில் தலை துண்டாகும் 'ஜட்கா' கறியை அமிர்தம் எடுத்தவரும் சாப்பிடலாம். ஹலாலில் இறைவன் பெயரைச் சொல்லிக் கழுத்தை அறுத்து இரத்தத்தை வடியவிடுவார்கள். லூதியானாக் கறிக்கடைப் பலகைகளில் 'ஜட்கா' என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்களே, அது இதற்காகத்தான். அண்ணன் இந்த விதிப்படி நடந்தார். தம்பி அமிர்தம் எடுக்காதவராக இருக்கலாம். அப்படியானால் அந்தக் கட்டு அவருக்கு இல்லை.

தம்பி மனைவி விஷயம் வேறு. குட்டா என்றால் 'கொல்லப்பட்டது', அவ்வளவுதான், எந்த முறையில் கொன்றாலும் ஒன்றே என்று படிப்பவர்கள் உண்டு. அகண்ட கீர்த்தனி ஜதா அப்படிப்பட்ட சீக்கிய அமைப்பு. நாம்தாரி என்ற பிரிவினரும் கறி தொடமாட்டார்கள். 2021-ல் வெளிவந்த பியூ ஆராய்ச்சி மையத்தின் ஆய்வில் இந்தியச் சீக்கியர்களில் 59 சதவீதம் பேர் தங்களைச் சைவம் என்றே சொல்லியிருக்கிறார்கள். இதற்கு நேர் எதிர்ப்பக்கம் நிஹங்குகள் என்ற சீக்கியப் போர்வீரர் மரபினர். ஆட்டை ஜட்கா செய்து, சமைத்து, 'மகாபிரசாத்' என்று பகிர்ந்து சாப்பிடுவது அவர்கள் வழக்கம். அது பலி கொடுப்பது போலத்தானே என்று மற்ற சீக்கியர்களே கேட்கிறார்கள்.

சீக்கியர்களின் புனித நூலான குரு கிரந்த சாகிப் என்ன சொல்கிறது என்று கேட்டால், இரண்டு தரப்பும் அதே நூலைத்தான் புரட்டுகின்றன. 1289-ம் பக்கத்தில் குரு நானக், மாமிசம் மாமிசம் என்று மூடர்கள் சண்டை போடுகிறார்கள், எது மாமிசம், எது கீரை, பாவம் எதில் இருக்கிறது என்று யாருக்குத் தெரியும் என்கிறார். கறி சாப்பிடாததையே பெருமையாக நினைத்துக்கொண்டவர்களைப் பார்த்துக் கேட்டது அது. 1350-ம் பக்கத்தில் ஞானி கபீர், எல்லாவற்றிலும் ஒரே இறைவன் என்கிறாயே, பின் ஏன் கோழியைக் கொல்கிறாய் என்கிறார். முதலாமவர் சைவக்காரரின் கர்வத்தைத் தட்டுகிறார். இரண்டாமவர், சடங்கு செய்துவிட்டால் கொலை புனிதமாகிவிடும் என்ற நினைப்பைத் தட்டுகிறார். என்னைக் கேட்டால் இரண்டும் ஒரே குரல்தான். இந்த வரிகளை ஒருவரை ஒருவர் அடிக்கும் தடியாக்குவதைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

உங்கள் கணவர் சொன்னதற்கு வருகிறேன். இந்த விதியைச் சாக்காக வைத்து முஸ்லிம்களை இழிவாகப் பேசுகிறவர்கள் இருக்கலாம். ஆனால் விதியின் வேர் அது இல்லை. முகலாயர் ஆண்ட காலத்தில் எழுந்தது கால்சா. ஆள்பவரின் சடங்குக்கு என் வாய் கட்டுப்படாது என்ற வைராக்கியம் அதில் இருக்கிறது. கறி வாங்கிய கடைக்காரரின் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். பத்தாவது குரு கோவிந்த் சிங்கின் இரு சின்ன மகன்களைச் சிர்ஹிந்தில் கொல்ல உத்தரவானபோது, அது தகாது என்று குரல் கொடுத்தவர் மலேர்கோட்லாவின் முஸ்லிம் நவாப் ஷேர் முகமது கான். அந்த ஒரு குரலுக்காக இன்றுவரை சீக்கியர்கள் அந்த ஊரை மதிக்கிறார்கள். 1947 பிரிவினையில் பஞ்சாபே பற்றி எரிந்தபோதும் மலேர்கோட்லா தப்பியது. பெரியவருக்கு இந்தக் கதை உங்களைவிட நன்றாகத் தெரிந்திருக்கும். ஒருநாள் அவரிடமே கேட்டுப் பாருங்கள்.

ஆக, யார் சரி என்று நீங்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. அண்ணன் தம்பி சண்டை உங்கள் பிரியாணியால் வந்ததும் இல்லை, பல வருடப் பழசாகத்தான் இருக்கும்.

நாளைக்கே ஒரு நடை மாடிக்குப் போய்விட்டு வாருங்கள். "அங்கிள்ஜி, எனக்குத் தெரியாமல் போச்சு, கேட்டு வாங்கியிருக்கணும்" என்று ஒரு வார்த்தை போதும். விளக்கம் எதுவும் வேண்டாம். அடுத்த முறை கறி சமைத்தால் ஜட்கா கடையில் வாங்குங்கள். தம்பி மனைவிக்குத் தனிப் பாத்திரத்தில், தனிக் கரண்டியோடு சமையுங்கள். பிரியாணியில் இருந்து காய்கறியைப் பொறுக்கிக் கொடுத்தால் அவருக்கு ஆகாது. கேக்கில் முட்டை இருந்ததா? அன்று அதையும் அவர் தொடவில்லை என்றால் காரணம் அதுவாக இருக்கலாம். முட்டை சேர்க்காத கேக் அங்கே சுலபமாகக் கிடைக்கும்.

மூன்று பேரையும் ஒன்றாக உட்கார வைக்க ஆசையா? குருத்வாராவின் பொதுப் பந்தியான லங்கரில் செய்வதைச் செய்யுங்கள். பருப்பு, ரொட்டி, ஒரு காய், கீர். கறி சாப்பிடுகிறவர், சாப்பிடாதவர், எந்த மதத்துக்காரரும் தயங்காமல் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடத்தான் அங்கே கறி சமைப்பதில்லை. நீங்கள் கீருக்குப் பதிலாக நம் ஊர்ப் பருப்புப் பாயசம் வையுங்கள். தம்பி அதையும் இரண்டாம் தடவை கேட்டு வாங்குவார்.