வேட்டைப் பையில் 30 கிலோ ஏற்றும் முன்

எல்க், மூஸ் எனும் பெரிய மான் வகைகளின் வேட்டைப் பருவம் நெருங்கும்போது கனடாவிலும் அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களிலும் உள்ள வாசகர்கள் அதிகம் கேட்பது முதுகுப்பையைப் பற்றித்தான். இந்த முறை முழுப் பகுதியும் அதற்கே.

கேள்வி: எங்களிடம் 65 லிட்டர் ட்ரெக்கிங் பை இருக்கிறது. செப்டம்பரில் ஆல்பர்ட்டாவில் முதல் எல்க் வேட்டை. வேட்டைக்கென்றே விற்கும் பை 600, 700 டாலர் என்கிறார்கள். பழைய பை போதாதா? (கால்கரி)

கூடாரமும் நாலைந்து நாள் சாப்பாடும் சுமக்க அது போதும். அந்த வகைப் பைகளில் பெரும்பாலானவை 15 முதல் 20 கிலோவை நினைத்துத் தைக்கப்படுபவை. எல்க் விழுந்த பிறகு கணக்கு வேறு. வளர்ந்த ஆண் எல்க்கில் எலும்பு நீக்கிய கறி மட்டுமே ஏறக்குறைய 80 முதல் 110 கிலோ தேறும். எலும்போடு ஒரு பின்தொடை 25 முதல் 30 கிலோ. அதை நறுக்காமல் ஏற்றினால் ஒரு நடைக்கான சுமை அதிலேயே முடிந்துவிடும்.

அந்த எடையில் ட்ரெக்கிங் பை இரண்டு இடத்தில் தோற்கும். உள்ளே இருக்கும் மெல்லிய கம்பிச் சட்டகம் வளைந்து, இடுப்பில் இறங்க வேண்டிய பாரம் தோளுக்கு வந்துவிடும். இரண்டாவது, கறியைப் பையின் அடியில் போடுவதைத் தவிர வழி இருக்காது. அங்கே அது முதுகை விட்டு விலகித் தொங்கும். வேட்டைப் பையில் சட்டகம் தனி, பை தனி. இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியைத் 'தட்டு' என்பார்கள். கறி அந்தத் தட்டில், முதுகோடு ஒட்டி உட்காரும். நீங்கள் கொடுக்கும் காசு சட்டகத்துக்கும் இந்தத் தட்டுக்கும் இடுப்புப் பெல்ட்டுக்கும்தான். எத்தனை ஜிப், எத்தனை பாக்கெட் என்று பார்த்து வாங்காதீர்கள்.

வண்டி நிற்கும் இடம் இரண்டு கிலோமீட்டருக்குள் இருந்து, கூட நாலு பேரும் வந்தால் பழைய பையிலேயே ஆளுக்கு 15 கிலோவாகப் பிரித்துச் சுமக்கலாம். தனியாளுக்கு அது ஆகாது. 110 கிலோவை 25 கிலோ வீதம் கொண்டுவர ஐந்து நடை வேண்டும். வண்டி 3 கிலோமீட்டர் தள்ளி நின்றால் சுமையோடு ஐந்து முறை, வெறும் பையோடு நாலு முறை, மொத்தம் 27 கிலோமீட்டர். கொம்பும் தலையும் தனி. எவ்வளவு உயர்ந்த பை வாங்கினாலும் இந்தக் கணக்கு மாறாது. எவ்வளவு தூரம் உள்ளே போய்ச் சுடலாம் என்பதை இதை வைத்து முடிவு செய்யுங்கள். கையிருப்பு குறைவு என்றால், பை இல்லாமல் வெறும் சட்டகமும் பெல்ட்டுமாக விற்பது பாதி விலைக்கும் கீழே கிடைக்கும். அதை வண்டியில் வைத்திருந்து, விலங்கு விழுந்த பிறகு எடுத்துப் போகலாம்.

கேள்வி: என் உயரம் 168 செ.மீ. விற்பனைத் தளத்தில் உயரத்தைப் போட்டால் 'மீடியம்' என்கிறது. நம்பலாமா? (டென்வர்)

உயரத்தை வைத்துப் பை வாங்காதீர்கள். 168 செ.மீ. உயரமுள்ள இருவரில் ஒருவருக்குக் கால் நீளம், மற்றவருக்கு முதுகு நீளம். பைக்கு வேண்டியது முதுகின் அளவு.

வீட்டில் ஒருவரை உதவிக்குக் கூப்பிடுங்கள். தலையை முன்னால் குனிந்தால் கழுத்தடியில் ஒரு எலும்பு புடைக்கும், அதுதான் மேல்முனை. இரண்டு கைகளையும் இடுப்பெலும்பின் மேல்விளிம்பில் வைத்து, கட்டைவிரல்களைப் பின்பக்கம் நீட்டுங்கள். இரு விரல்களையும் சேர்க்கும் கோடு முதுகுத்தண்டைத் தொடும் இடம் கீழ்முனை. தையற்காரர் டேப்பை முதுகின் வளைவோடு படிய வைத்து அளக்க வேண்டும். பெரியவர்களுக்கு இது பெரும்பாலும் 40 முதல் 53 செ.மீ.க்குள் வரும்.

பலர் விடுகிற அளவு இன்னொன்று: சட்டகத்தின் உயரம். பெல்ட்டைச் சரியான இடத்தில் கட்டியபின் சட்டகத்தின் தலைப்பகுதி தோளுக்கு மேல் 5 முதல் 10 செ.மீ. நிற்க வேண்டும். தோள்வாரின் உச்சியிலிருந்து சட்டகத்துக்கு ஏறும் சின்ன வாருக்கு லோட் லிஃப்டர் என்று பெயர். அது 30 முதல் 45 டிகிரி சாய்வில் ஏறினால்தான் பாரத்தைத் தோளிலிருந்து தூக்கும். சட்டகம் குட்டையாக இருந்தால் வார் படுக்கையாகப் போய், இழுக்க இழுக்கத் தோளைத்தான் பின்னால் இழுக்கும். பல நிறுவனங்கள் 24 அங்குலம், 26 அங்குலம் என இரண்டு உயரத்தில் சட்டகம் விற்கின்றன. முதுகு 50 செ.மீ.க்கு மேல் என்றால் 26-ஐ முதலில் பாருங்கள். உங்களுக்கு 45 செ.மீ. அளவில் வந்தால் 24 போதும். 26 வாங்கினால் புதருக்குள் குனிந்து போகும்போது கிளையில் மாட்டும், அண்ணாந்து பார்த்தால் தொப்பி இடிக்கும்.

பெல்ட்டுக்குப் பேண்ட் சைஸைச் சொல்லாதீர்கள். இடுப்பெலும்பின் மேலே சுற்றி அளந்து, அந்த எண்ணைக் கொடுங்கள். பெல்ட்டை இறுக்கியபின் முன்பக்கம் இரண்டு பஞ்சுப்பட்டைகளுக்கும் நடுவே ஒரு கையளவு இடம் மிச்சம் இருக்க வேண்டும். பட்டைகள் ஒன்றோடொன்று முட்டினால் அதற்குமேல் இறுக்க வழியில்லை. மலையில் ஒரு வாரத்தில் உடம்பு கொஞ்சம் வற்றியதுமே பை வழுக்கத் தொடங்கும்.

கேள்வி: வாங்கிய பையை வீட்டிலேயே சோதிப்பது எப்படி? எவ்வளவு எடை, எதை வைத்து? (எட்மன்டன்)

கடையில் தலையணை வைத்து மாட்டிப் பார்த்தால் எல்லாப் பையும் சுகமாகத்தான் இருக்கும். குறை 20 கிலோவுக்கு மேல்தான் தெரியும்.

டம்பெல் வேண்டாம்: எடை ஒரே புள்ளியில் குத்தும், துணியும் கிழியும். மணல் மூட்டை கறியைவிட அடர்த்தி என்பதால் சிறுத்து அடியில் போய் உட்காரும். தண்ணீர் கேன் உள்ளே அலையும். நம்மவர்களுக்குக் கைக்கெட்டிய பொருள் அரிசி மூட்டை. தமிழ்க் கடையில் 20 பவுண்டும் 40 பவுண்டும் கிடைக்கிறது, அதாவது 9 கிலோ, 18 கிலோ. தடித்த குப்பைப் பை இரண்டு போட்டுச் சுற்றி டேப் ஒட்டினால் பையும் அழுக்காகாது, அரிசியும் வீணாகாது. கறியைவிடச் சற்றுப் பருமன் கூடுதல், ஆனால் உடம்போடு படியும் விதம் கறிக்கு நெருக்கமானது.

மூட்டையைத் தட்டில் வைத்து, அதன் நடு உங்கள் தோள்பட்டை எலும்புகளுக்குச் சற்றுக் கீழே வரும்படி நிறுத்துங்கள். அடிவாரை முதலில் இறுக்குங்கள், பிறகு மேல்வார்கள். மேலிருந்து தொடங்கினால் மூட்டை கீழே பிதுங்கும்.

மாட்டும் வரிசை முக்கியம். எல்லா வாரையும் தளர்த்துங்கள். பையை முழங்காலில் ஏற்றித் தோளில் போடுங்கள். 30 கிலோவுக்கு மேல் என்றால் தரையில் உட்கார்ந்து மாட்டி, ஒரு பக்கம் புரண்டு முழங்காலூன்றி எழுவதே முதுகுக்கு நல்லது. சற்றுக் குனிந்து பையை மேலே எகிறவிட்டு, பெல்ட்டின் நடு இடுப்பெலும்பின் விளிம்பில் வரும்போது இறுக்குங்கள். நிமிர்ந்தபின் தோள்வார், படியும் அளவுக்கு மட்டும். பிறகு லோட் லிஃப்டர். மார்புவார் கடைசி; அது தோள்வார்கள் விலகாமல் பிடிப்பதற்கு மட்டும்தான், இறுக்கினால் மூச்சைக் கெடுக்கும்.

இப்போது பெல்ட்டின் கீழ்விளிம்பு வரும் இடத்தில் பேண்ட்டில் மாஸ்கிங் டேப் ஒரு துண்டு ஒட்டுங்கள். முதலில் 9 கிலோ, பிறகு 18, பிறகு 27. ஒவ்வொன்றிலும் அரை மணி நேரம். தெருவில் நடப்பதைவிட மாடிப்படி நல்ல பரிசோதகர், அதிலும் இறங்கும் படி. ஒவ்வொரு அடியிலும் பாரம் விழும் அதிர்ச்சியில்தான் பெல்ட் வழுக்கும், சட்டகம் கிறீச்சிடும். அரை மணி கழித்து பெல்ட் டேப்பிலிருந்து 2 செ.மீ.க்கு மேல் இறங்கியிருந்தால் அளவிலோ கட்டியதிலோ தவறு இருக்கிறது.

18 கிலோவில் தோள்வார்களை முழுதாகத் தளர்த்திப் பாருங்கள். பையின் தலை பின்னால் சாயும், அது சரி; ஆனால் பை கீழே இறங்கக்கூடாது. இறங்கினால் இடுப்பு சுமக்கவில்லை, தோள்தான் சுமந்துகொண்டிருந்தது. பக்கவாட்டில் ஒரு புகைப்படம் எடுக்கச் சொல்லுங்கள். லிஃப்டரின் சாய்வும், தோள்வார் தோளின் பின்புறம் படிகிறதா வெளிச்சம் தெரிகிறதா என்பதும், சுமை முதுகை விட்டு விலகியிருக்கிறதா என்பதும் அதில்தான் தெரியும். குனிந்து, மண்டியிட்டு, துப்பாக்கிக்குப் பதில் துடைப்பக்கட்டையைத் தோளில் வைத்துக் குறிபார்த்தும் பாருங்கள். பல பைகளில் தோள்வாரின் பஞ்சு, துப்பாக்கிக் கட்டை ஊன்றும் இடத்திலேயே வந்து நிற்கும்.

தசை எரிந்தால் பயப்பட வேண்டாம், அது பழகாத உடம்பு. மரத்துப்போனாலோ விரல் நுனியில் ஊசி குத்தினாலோ உடனே இறக்கிவிடுங்கள். தோள்வார் அக்குளுக்கு மேலே உள்ள நரம்புக் கொத்தை அழுத்தினால் கை பலமிழக்கும். குணமாக வாரக்கணக்கிலும் ஆகலாம். முதுகுவலி, மூட்டுத் தேய்மானம் உள்ளவர்கள் 27 கிலோவுக்குப் போகும் முன் மருத்துவரைக் கேளுங்கள்.

கேள்வி: எவ்வளவு இறுக்கினாலும் பெல்ட் இறங்குகிறது. இன்னும் இறுக்கினால் தொடையின் வெளிப்பக்கம் மரத்துப்போகிறது. பையின் குறையா? (பாய்ஸி)

பையைக் குறை சொல்லும் முன் பேண்ட்டின் தோல் பெல்ட்டைக் கழற்றுங்கள். அதன் பக்கிளும் பைப் பெல்ட்டும் ஒரே எலும்பில் மோதினால் இரண்டுமே உட்காராது. பேண்ட் நிற்க சஸ்பெண்டர் போடலாம். வழுவழுப்பான மழைப் பேண்ட்டின் மேல் எந்தப் பெல்ட்டும் வழுக்கும்.

மரத்துப்போவதற்குக் காரணம், இடுப்பெலும்பின் முன்முனையை ஒட்டித் தொடைக்கு இறங்கும் ஒரு நரம்பு. பெல்ட் தாழ்வாக இருந்தால் அதை நசுக்கும். உங்களுக்கு இரண்டு தொல்லையும் சேர்ந்தே வருவதால், பெல்ட்டைத் தாழ்வாகக் கட்டுகிறீர்கள் என்றே தோன்றுகிறது. இரண்டு செ.மீ. மேலேற்றி, வயிற்றைச் சுற்றி அல்ல, எலும்பின் விளிம்பைக் கவ்வும்படி இறுக்குங்கள். முதுகு அளவை ஒரு படி கூட்டியும் பாருங்கள். அளவு குறைவாக இருந்தால் தோள்வாரே பெல்ட்டை இடுப்பிலிருந்து இழுத்துவிடும், அதைச் சமாளிக்கத்தான் நீங்கள் மேலும் மேலும் இறுக்குகிறீர்கள். பெல்ட்டில் மேல்வார், கீழ்வார் எனத் தனித்தனியே இழுக்கும் வசதி இருந்தால் மேல்வாரை அதிகமாகவும் கீழ்வாரைக் குறைவாகவும் இறுக்குங்கள்.

கேள்வி: கறியை எலும்போடு ஏற்றுவது நல்லதா, எலும்பை நீக்கியா? (ஆங்கரேஜ்)

எடைக்கு நீக்குவது நல்லது, ஏற்றுவதற்கு எலும்போடு இருப்பது நல்லது. எலும்போடு உள்ள தொடை விறைப்பாக நிற்கும். எலும்பை எடுத்த கறி ஒரு மணி நேரத்தில் உருண்டு பையின் அடிக்கு வந்து, பாரத்தைப் பின்னால் இழுக்கும். அதனால் ஒரே பெரிய பையில் கொட்டாமல், காற்றுப் போகும் துணிப்பைகளில் 10 கிலோ வீதம் கட்டி, ஒன்றன்மேல் ஒன்றாகத் தட்டில் நிறுத்துங்கள். துணிப்பையின் வாயை முடிந்து சட்டகத்தின் மேல்குறுக்கில் ஒரு கயிறால் தூக்கிக் கட்டினால் இறங்காது. சுட்ட பிறகு கறியிலிருந்து சூடு வெளியேறுவதே முதல் வேலை. நெடுநேரம் பிளாஸ்டிக்கில் அடைத்தால் கெட்டுவிடும்.

ஆனால் உங்கள் ஊரில் முடிவு முழுக்க உங்கள் கையில் இல்லை. அலாஸ்காவின் சில வேட்டைப் பகுதிகளில் கறி எலும்போடுதான் காட்டிலிருந்து வெளியே வர வேண்டும். கொம்பைக் கறிக்கு முன்னால் கொண்டுவரவும் கூடாது. கொலராடோவில் ஆணா பெண்ணா என்று காட்டும் அடையாளம் கறித்துண்டோடு இயல்பாக ஒட்டியிருக்க வேண்டும். மான் வகைகளின் மூளையைத் தாக்கும் சிடபிள்யூடி (CWD) நோய் காரணமாக மூளையையும் முதுகெலும்பையும் தம் எல்லைக்குள் கொண்டுவரப் பல மாநிலங்களும் மாகாணங்களும் தடை விதித்துள்ளன. அந்தந்த ஆண்டின் விதிப் புத்தகத்தைப் பார்த்த பிறகே கத்தியை எடுங்கள்.

கரடி உள்ள இடத்தில் கரடி ஸ்ப்ரே பெல்ட்டிலோ மார்புவாரிலோ இருக்கட்டும். கறியை இறுக்கும் வார் அதன்மேல் போகாமல் பாருங்கள். பலரும் அங்கேதான் தவறுகிறார்கள்.

கேள்வி: நானும் கணவரும் ஒரே பையை மாறி மாறிச் சுமக்கலாமா? (கெலோனா)

முதுகு அளவை மாற்றக்கூடிய சட்டகம் என்றால் முடியும். பெல்ட் மட்டும் தனித்தனி வேண்டும். பெண்களின் இடுப்புச் சாய்வு வேறு. பல நிறுவனங்களில் பெல்ட்டைத் தனியே வாங்கலாம். இருவரின் அளவையும் சட்டகத்தில் மார்க்கரால் குறித்து வையுங்கள்.

கேள்வி: பழைய பை ஒன்று 250 டாலருக்கு வருகிறது. எதைப் பார்ப்பது? (ஸ்போகேன்)

பையைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள், சட்டகம்தான் முதலில். கார்பன் என்றால் விரலால் தடவி, விரிசலோ நார் கிளம்பியிருக்கிறதா என்றோ பாருங்கள். அலுமினியம் என்றால் தரையில் வைத்து இரண்டு தண்டும் ஒரே வளைவில் இருக்கின்றனவா என்று பாருங்கள். லோட் லிஃப்டர் தைத்த இடம், பெல்ட் சட்டகத்தில் சேரும் இடம் இரண்டிலும் தையல் பிரிந்திருந்தால் விட்டுவிடுங்கள். துணியின் உட்புறம் ஒட்டிக்கொண்டு புளித்த நாற்றம் வந்தால் பூச்சு உரிகிறது, அதைச் சரிசெய்ய முடியாது. உடைந்த பக்கிள் பெரிய செலவில்லை. பெல்ட்டின் பஞ்சைக் கிள்ளிப் பாருங்கள், உடனே எழவில்லை என்றால் புதுப் பெல்ட்டின் விலையையும் 250-ல் கூட்டிக்கொள்ளுங்கள்.

கேள்வி: அமெரிக்க நிறுவனத்திடம் வாங்கிக் கனடாவுக்கு வரவழைக்கிறேன். பொருந்தாவிட்டால்? (வான்கூவர்)

வாங்கும் முன் மூன்றைப் படியுங்கள்: திருப்பும் கெடு எத்தனை நாள், அது வாங்கிய நாளிலிருந்தா கையில் கிடைத்த நாளிலிருந்தா, திருப்பி அனுப்பும் செலவு யாருடையது. வெளியில் பயன்படுத்திய பையைப் பெரும்பாலோர் ஏற்பதில்லை. அதனால் சோதனை முழுவதும் வீட்டுக்குள், சுத்தமான உடையில், விலை அட்டையை வெட்டாமல் நடக்கட்டும். நாயின் முடியும் சமையல் வாசனையும்கூடத் தகராறுக்கு இடம் கொடுக்கும். எல்லையில் கட்டிய வரியைப் பை திரும்பிப் போன பிறகு எல்லைச் சேவை அமைப்பிடம் விண்ணப்பித்துத் திரும்பப் பெறலாம். வரி ரசீதும் திருப்பி அனுப்பிய அஞ்சல் சான்றும் கையில் இருக்க வேண்டும். ஆகஸ்டில் ஆர்டர் போட்டால் அளவு மாற்றி வருவதற்குள் பருவம் தொடங்கிவிடும். மே, ஜூனிலேயே வாங்குங்கள்.