ஏஐ எழுதியது என்று மென்பொருள் சொன்னால் பூஜ்யம் போடலாமா?

வணக்கம்ங்க. ஈரோட்டில் உங்கள் பி.காம் மாணவியின் ஆங்கிலக் கட்டுரையை மென்பொருள் '72 சதவீதம் ஏஐ' என்று காட்டுகிறது, பூஜ்யம் போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து போடாதீர்கள்.

சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் இப்படி ஒரு கருவியை விட்டு, துல்லியம் போதவில்லை என்று ஜூலையில் நிறுத்திவிட்டது. அதே ஆண்டு வந்த ஸ்டான்ஃபோர்டு ஆய்வில், ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் டோஃபல் என்ற ஆங்கிலத் தேர்வுக்கு எழுதிய கட்டுரைகளில் பாதிக்கு மேல் ஏஐ என்று தவறாக மாட்டின. தமிழ் வழியில் படித்து வந்த பிள்ளைகள் பழகிய சொற்களை வைத்துத்தானே எழுதுவார்கள்? அதைத்தான் இந்தக் கருவிகள் சந்தேகப்படுகின்றன.

அந்தப் பெண்ணை உட்காரவைத்து, கட்டுரையைப் பற்றி ஐந்து நிமிடம் தமிழிலேயே கேளுங்கள். நான் அப்படிக் கேட்டபோது ஒரு பையன் கசங்கிய ரஃப் நோட்டை எடுத்து நீட்டினான். நாலு பக்கம், அடித்து அடித்துத் திருத்தியது. எனக்கு மனசே கேட்கவில்லை.

அப்புறம், அடுத்த முறை, ஏஐயிடம் கேட்டு எளிதில் எழுதிவிட முடியாதபடி தலைப்பை மாற்றிப் பாருங்கள். மஞ்சள் ஏலத்துக்குப் போய், விரலி மஞ்சளுக்கும் கிழங்கு மஞ்சளுக்கும் ஏன் விலை வேறு, வியாபாரி மஞ்சளை முறித்து எதைப் பார்க்கிறார் என்று கேட்டு எழுதச் சொல்லுங்கள்.