எஸ்பெராண்டோ வினையடை: ‘எ’ எங்கே வரும், எங்கே வராது?

கேள்வி: எஸ்பெராண்டோ படித்து வருகிறேன். வினையடை ‘எ’ என்று முடியும் என்கிறது பாடம். ஆனால் ‘நூன்’ (இப்போது), ‘ஹொடீயாவ்’ (இன்று) ஆகியவை அப்படி முடியவில்லை. ‘கற்பது எளிது’ என்பதற்கு ‘ஃபட்சீலா’ என்று எழுதினால், ‘ஃபட்சீலெ’ என்று திருத்துகிறார்கள். இதற்கு ஏதாவது ஒழுங்கு உண்டா?

பதில்: உண்டு. பாடப்புத்தகங்கள் முதல் பாதியோடு நிறுத்திவிடுவதால்தான் இந்தக் குழப்பம்.

எஸ்பெராண்டோவை உருவாக்கிய சாமன்ஹோஃப் 1887-இல் வெளியிட்ட பதினாறு விதிகளில் ஏழாவது, வினையடை ‘எ’ என்று முடியும் என்கிறது. ‘ராபீடா’ என்றால் வேகமான, ‘ராபீடெ’ என்றால் வேகமாக. நம் ‘ஆக’ மாதிரிதானே என்று தோன்றும். ஆனால் இந்த ‘எ’ பெயர்ச்சொல்லின் வேரோடும் சேரும், அப்போது வேற்றுமை உருபு செய்யும் வேலையையும் பார்த்துவிடும். ‘நொக்டோ’ இரவு, ‘நொக்டெ’ இரவில். ‘ட்ரைனோ’ ரயில், ‘ட்ரைனெ’ ரயிலில், அதாவது ரயில் மூலம். ‘ஹெய்மெ’ வீட்டில். இதோடு ‘ன்’ சேர்த்து ‘ஹெய்மென்’ என்றால் வீட்டுக்கு. ‘மி ஈராஸ் ஹெய்மென்’, நான் வீட்டுக்குப் போகிறேன். தனியாக முன்னிடைச்சொல் (ஆங்கில ‘to’ போன்றது) எதுவும் வேண்டாம். எனக்கு இந்த மொழியில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

‘நூன்’, ‘ஹொடீயாவ்’, ‘ட்ரெ’ (மிகவும்) போன்றவை பிறவியிலேயே வினையடைகள். வேறு எதிலிருந்தும் உருவானவை அல்ல, அதனால் விகுதியும் தேவையில்லை. ‘ட்ரெ’யின் கடைசியில் இருக்கும் ‘எ’ வேரின் பகுதி, விகுதி அல்ல. ‘இல்லை’ என்னும் ‘நெ’யும் அப்படியே. இவை அதிகம் இல்லை, பழக்கத்தில் மனப்பாடமாகிவிடும்.

இனி ‘ஃபட்சீலெ’. விகுதியைப் பார்ப்பதற்கு முன் எழுவாயைப் பாருங்கள். எழுவாய் பெயர்ச்சொல்லாகவோ பிரதிப்பெயராகவோ இருந்தால் பெயரடை விகுதியான ‘ஆ’: ‘லா லெர்னாடோ எஸ்டாஸ் ஃபட்சீலா’. அங்கே ‘லெர்னாடோ’, கற்றல், பெயர்ச்சொல். அதே இடத்தில் ‘லெர்னி’ என்ற வினையின் மூல வடிவம் வந்தால் ‘எ’: ‘லெர்னி எஸ்டாஸ் ஃபட்சீலெ’. ‘ஆ’ விகுதிச் சொல் ஒட்டிக்கொள்ள ஒரு பெயர்ச்சொல் வேண்டும், இங்கே அது இல்லை. எழுவாயே இல்லாத வாக்கியத்திலும் இதே கதைதான்: ‘எஸ்டாஸ் வார்மெ’, வெப்பமாக இருக்கிறது. தமிழிலும் இங்கே ‘ஆக’தான் வருகிறது என்பதால் இது கடினமாக இருக்காது. ‘எளிது’ என்பதில்தான் தமிழ் உதவாது, கால் இடறும்.

இன்னொன்று, நீங்கள் கேட்கவில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன். ‘நூர்’ (மட்டும்), ‘ஆன்காவ்’ (உம்) ஆகியவை தாங்கள் சுட்டும் சொல்லுக்கு முன்னால் நிற்கும். நாம் ‘நான் மட்டும்’ என்று பின்னால் வைத்துப் பழகியவர்கள். ‘நூர் மி லெகிஸ் லா லிப்ரோன்’ என்றால் புத்தகத்தை நான் மட்டும் படித்தேன். ‘மி லெகிஸ் நூர் லா லிப்ரோன்’ என்றால் புத்தகத்தை மட்டும் படித்தேன். தமிழ்ப் பழக்கத்தில் ‘மி நூர்’ என்று எழுதிவிட்டால் அடுத்து வரும் வினைக்கு அது போய்விடும், ‘படிக்க மட்டும் செய்தேன்’ என்று பொருள் திரும்பும். மற்ற பல வினையடைகளுக்கு வாக்கியத்தில் நிறைய சுதந்திரம் உண்டு, இவற்றுக்கு இல்லை.

நம் வினையெச்சத்துக்கும் இணை உண்டு. ‘லெகாண்டெ’ படித்துக்கொண்டே, ‘லெகிண்டெ’ படித்துவிட்டு, இரண்டும் ‘எ’ விகுதியோடுதான். ஆனால் ஒரு கண்டிப்பு: இதன் எழுவாயும் முற்றுவினையின் எழுவாயும் ஒன்றாக இருக்க வேண்டும். ‘மழை பெய்து குளம் நிறைந்தது’ நமக்குச் சரி. எஸ்பெராண்டோவில் அதை அப்படியே போட்டால் மழையைப் பெய்தது குளம் என்றாகிவிடும். அந்த இடத்தில் ‘சார்’ (ஏனென்றால்) போட்டு முழு வாக்கியமாக எழுதுங்கள்.