இரண்டு பொய்கள்

அன்புள்ள ஐயா,

1956 அரியலூர் ரயில் விபத்துக்குப் பொறுப்பேற்று லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகியதைப் பற்றிச் சென்ற மாதம் எழுதியிருந்தீர்கள். அதைப் படித்ததிலிருந்து உங்களுக்கு எழுத நினைத்துக்கொண்டிருந்தேன். நான் ஓய்வுபெற்ற ஆசிரியர். எங்கள் ஊர் நூலக வாசகர் வட்டத்தில் ‘பொதுவாழ்வில் ஒழுக்கம்’ என்ற தலைப்பில் பேசச் சொல்லியிருக்கிறார்கள். பிரிட்டிஷ் அமைச்சர் ஜான் புரொஃப்யூமோவைப் பற்றிப் பேசலாம் என்றிருக்கிறேன். ஒரு விலைமாதுடன் அவருக்குத் தொடர்பு இருந்தது. சோவியத் கடற்படை அதிகாரி ஒருவரோடும் அவள் பழகியதால் விஷயம் பெரிதாகிவிட்டது. முதலில் நாடாளுமன்றத்தில் மறுத்த புரொஃப்யூமோ, பிறகு உண்மையை ஒப்புக்கொண்டு 1963இல் விலகினார். அதன்பின் சுமார் 40 ஆண்டுகள் லண்டனின் ஏழைப் பகுதியில், தட்டுக் கழுவுவதில் தொடங்கித் தொண்டு செய்தார். ராணியின் விருதும் பெற்றார். நம் ஊரில் மாட்டிக்கொண்டவர்களுக்கு வெடி போட்டு மாலை போடுகிறோம்.

இரண்டு கேள்விகள். ஒருவரின் அந்தரங்கத் தவறை வைத்து அவருடைய பொதுவாழ்வை எடைபோடலாமா? புரொஃப்யூமோ போல ஒருவரை நாம் எப்போது பார்ப்போம்?

எஸ்., கும்பகோணம்

*

அன்புள்ள எஸ்.,

நீங்கள் புரொஃப்யூமோவைப் பற்றிச் சொன்னவை எல்லாம் சரி. நீங்கள் சொல்லும் அந்த ஏழைப் பகுதியில் இருந்த டாயின்பி ஹால் என்ற தொண்டு நிறுவனத்தில் அவர் சம்பளமில்லாமல் உழைத்தார். 1975இல் சி.பி.இ. என்ற அந்த அரச விருதைப் பெற்றார். மார்கரெட் தாட்சரின் 70ஆவது பிறந்தநாள் விருந்தில் ராணிக்குப் பக்கத்தில் அவருக்கு இடம் போட்டார்கள். 2006இல் 91 வயதில் இறக்கும்வரை அந்த விவகாரத்தைப் பற்றி வெளியில் வாய் திறக்கவில்லை. இதையெல்லாம் நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஒரு மனிதர் 40 வருஷம் ஒரே இடத்துக்குப் போய் வேலை செய்வது நடிப்பாக இருக்க முடியாது.

ஆனால் உங்கள் கடிதத்தில் ஒரு பெயர் விட்டுப்போயிருக்கிறது. ‘ஒரு விலைமாது’ என்று எழுதுகிறீர்கள், அப்புறம் ‘அவள்’ என்கிறீர்கள். அவர் பெயர் கிறிஸ்டின் கீலர். பழைய ரயில் பெட்டிகளை வீடாக மாற்றிக் குடியிருந்த குடும்பத்தில் வளர்ந்தவர். 15 வயதில் பள்ளியை விட்டவர். லண்டன் சோஹோவில் ஒரு கேளிக்கை விடுதியில் மேடைப்பெண்ணாக வேலை பார்த்தார். 1961 ஜூலையில், ஆஸ்டர் பிரபுவின் கிளைவ்டன் மாளிகை நீச்சல்குளத்தில் புரொஃப்யூமோ அவரை முதலில் பார்த்தபோது அவருக்கு வயது 19. போர்த்துறை அமைச்சரான புரொஃப்யூமோவுக்கு 46. கீலரை அங்கே அழைத்து வந்தவர் ஸ்டீபன் வார்டு. எலும்பு, தசைப் பிடிப்புகளுக்கு வைத்தியம் பார்ப்பவர், படம் வரைபவர், பெரிய இடத்து ஆட்களுக்கெல்லாம் நண்பர். இவர் பெயரும் உங்கள் கடிதத்தில் இல்லை. உங்களைக் குறை சொல்லவில்லை. இந்தக் கதையை எல்லோரும் இப்படித்தான் சொல்கிறார்கள். சொல்லிச் சொல்லி அமைச்சர் மட்டும் மிஞ்சியிருக்கிறார்.

முதல் கேள்விக்கு நேராகவே பதில் சொல்லிவிடுகிறேன். அந்தத் தொடர்பு கொஞ்ச காலம்தான் நீடித்தது. அதற்கு அவர் பதில் சொல்ல வேண்டியது மனைவி வேலரி ஹாப்சனிடம். நாடாளுமன்றத்திடம் இல்லை, நம்மிடம் நிச்சயமாக இல்லை. ராணுவ ரகசியம் கீலர் வழியாக சோவியத் அதிகாரி இவானோவுக்குப் போனதா என்று நீதிபதி டென்னிங் விசாரித்தார். அப்படி எதுவும் போகவில்லை என்றே அறிக்கை கொடுத்தார். அதோடு அந்தரங்கம் முடிந்தது. அதற்கு வெளியே நடந்ததுதான் பொதுவாழ்வு.

1963 மார்ச் 21 இரவு, எதிர்க்கட்சி உறுப்பினர்கள் அவையில் இந்த வதந்தியைக் கிளப்பினார்கள். தூக்க மாத்திரை போட்டுக்கொண்டு படுத்திருந்த புரொஃப்யூமோவை நடு இரவில் எழுப்பி வரவழைத்தார்கள். சக அமைச்சர்களும் அரசாங்க வழக்கறிஞர்களும் சுற்றி உட்கார்ந்து விடியற்காலையில் ஓர் அறிக்கை தயார் செய்தார்கள். 22ஆம் தேதி காலை அவர் அவையில் எழுந்து அதைப் படித்தார். மிஸ் கீலருடன் தனக்கிருந்த பழக்கத்தில் எந்த முறைகேடும் கிடையாது, அவைக்கு வெளியே யாராவது அப்படிச் சொன்னால் வழக்குப் போடுவேன் என்றார். அன்று பிற்பகல் சாண்டவுன் பார்க் குதிரைப் பந்தயத்துக்குப் போய், ராணியின் தாயாரோடு நின்றார். சொன்னபடியே இரண்டு வெளிநாட்டுப் பத்திரிகைகள் மேல் வழக்கும் போட்டார்.

பொய்யை நாம் ஏதோ சொல்பவரின் சொந்தக் கணக்கு மாதிரி நினைக்கிறோம். அவர் மனசாட்சி, அவர் கறை, அவர் கழுவிக்கொள்வார் என்று. அது அவரோடு நிற்பதே இல்லை. ‘ஒன்றும் நடக்கவில்லை’ என்று ஓர் அமைச்சர் அவையில் சொன்னால், நடந்தது என்று சொல்லும் பெண் அந்த நிமிஷமே பொய்க்காரியாகிவிடுகிறார். அமைச்சரின் பெயரில் ஒட்டவேண்டியது அப்படியே இன்னொருவர் பெயரில் ஒட்டிக்கொள்கிறது.

இதை நான் புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே எங்கள் ஊரில் பார்த்திருக்கிறேன். எனக்கு அப்போது பதினோரு வயது இருக்கும். கூட்டுறவுச் சங்கத்தில் பொறுப்பில் இருந்த ஒருவருக்கும், பால் சொசைட்டியில் பால் அளந்து ஊற்றும் ஓர் அக்காவுக்கும் தொடர்பு என்று பேச்சு வந்தது. பிள்ளையார் கோயில் முன்னால் ஊர் கூடியது. அவர் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்து, ‘ஒண்ணும் இல்லை’ என்று சத்தியம் செய்தார். அவ்வளவுதான். அந்த அக்காவை யாரும் எதுவும் கேட்கவில்லை, அவர் ஓரமாக நின்றுகொண்டிருந்தார். மறுநாள் விடிகாலை பால் வாங்கப் போனேன். அளக்கிற குவளை கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது, அக்கா இல்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முதல் பஸ்ஸில் போய்விட்டார் என்றார்கள். பல வருஷம் கழித்து அந்தப் பெரியவர் தாமாகவே தவறை ஒப்புக்கொண்டார், கும்பாபிஷேகத்துக்குப் பெரிய தொகையும் கொடுத்தார். ‘மனுஷன் மறைக்காம ஒத்துக்கிட்டாரு பாரு’ என்று இன்றைக்கும் ஊரில் பெருமையாகச் சொல்வார்கள். கோயில் கல்வெட்டில் அவர் பெயர் இருக்கிறது. அந்த அக்கா எங்கே போனார், அந்தப் பிள்ளை படித்ததா என்று யாரும் தேடவில்லை. நானும் தேடவில்லை.

புரொஃப்யூமோ அறிக்கை படித்து ஐந்தே நாளில், மார்ச் 27ஆம் தேதி, உள்துறை அமைச்சர் ஹென்றி புரூக் போலீஸ் கமிஷனரையும் உளவுத்துறைத் தலைவரையும் கூப்பிட்டு வார்டைப் பற்றிப் பேசினார். அதற்குப் பிறகு போலீஸ் வார்டைச் சுற்றிச் சுற்றி விசாரித்தது. நூற்றுக்கும் மேற்பட்டவர்களிடம் வாக்குமூலம் வாங்கினார்கள். இங்கே வழக்கமான வரிசை தலைகீழ். குற்றம் நடந்து ஆளைத் தேடவில்லை. ஆளை வைத்துக்கொண்டு குற்றத்தைத் தேடினார்கள். வார்டு முதலில் புரொஃப்யூமோ சொன்னதையே தானும் சொல்லி அவரைக் காப்பாற்றப் பார்த்தவர். நெருக்கடி தாங்காமல் மே மாதம் பிரதமர் அலுவலகத்திடமும் உள்துறை அமைச்சரிடமும், அவையில் சொன்னது உண்மையில்லை என்று சொன்னார். அவர்கள் உடனே காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஜூன் 5ஆம் தேதி புரொஃப்யூமோவின் விலகல் வெளியானது. ஜூன் 8ஆம் தேதி வார்டைக் கைது செய்தார்கள். பெண்களின் ஒழுக்கக்கேடான வருமானத்தில் வாழ்ந்தார் என்பது வழக்கு. தன் வீட்டில் தங்கிய கீலரும் அவருடைய தோழி மாண்டி ரைஸ்-டேவிஸும் கொடுத்த கொஞ்சம் வாடகைப் பணம்தான் அந்த ‘வருமானம்’. தான் சம்பாதித்ததைவிட வார்டிடம் தான் பட்ட கடன்தான் அதிகம் என்று கீலரே சாட்சி சொன்னார். கிளைவ்டனில் வார்டோடு உட்கார்ந்து சாப்பிட்ட பெரிய மனிதர்கள் ஒருவர்கூட அவருக்காகக் கூண்டேறவில்லை. ஆஸ்டர் பிரபு வரவில்லை, புரொஃப்யூமோ வரவில்லை. வழக்கின் ஆரம்ப விசாரணையில், உங்களுடன் தொடர்பே இல்லை என்கிறாரே ஆஸ்டர் பிரபு என்று மாண்டியிடம் வழக்கறிஞர் கேட்டபோது, ‘அவர் அப்படித்தானே சொல்வார்?’ என்று அந்த 18 வயதுப் பெண் திருப்பிக் கேட்டார். அந்த வருஷம் முழுக்க அங்கே பேசப்பட்டதில் இதைவிட உண்மையான ஒரு வாக்கியம் எனக்குக் கிடைக்கவில்லை.

தீர்ப்புக்கு முந்தைய இரவு வார்டு தூக்க மாத்திரைகளை விழுங்கினார். நினைவில்லாமல் கிடந்தவரைக் குற்றவாளி என்று அறிவித்தார்கள். ஆகஸ்ட் 3ஆம் தேதி இறந்துபோனார்.

கீலர்? அதே வருஷம் அவரும் ஒரு பொய் சொல்லியிருந்தார். தன்னைத் தொடர்ந்து தொல்லை செய்துவந்த ஒருவர்மேல் அடிதடி வழக்கு நடந்தபோது, சம்பவ இடத்தில் இருந்த இரண்டு பேரை இல்லை என்று சாட்சி சொல்லிவிட்டார். அந்தப் பொய்யால் அந்த ஆள் சில வாரம் சிறையில் இருக்க நேர்ந்தது, அதைச் சின்ன விஷயம் என்று நான் சொல்லவில்லை. 1963 டிசம்பரில் கீலருக்கு ஒன்பது மாதம் சிறைத் தண்டனை விதித்தார்கள். ஆக, அந்த விவகாரத்தில் இரண்டு பொய்கள் நிரூபணமாயின. ஒன்றைச் சொன்னவரை அவை கண்டித்தது, பதவி போனது. இன்னொன்றைச் சொன்னவர் 21 வயதில் ஜெயிலுக்குப் போனார். 

அவர் தன் கதையைப் பத்திரிகைக்கு விற்றார், பெரிய தொகை வாங்கினார், உண்மை. அதைச் சொல்லித்தான் பலரும் அவரைக் கைகழுவுகிறார்கள். ஆனால் டாயின்பி ஹாலில் சம்பளமில்லாமல் 40 வருஷம் உழைக்க வேண்டுமென்றால் வீட்டில் சோற்றுக்கு வழி இருக்க வேண்டும். புரொஃப்யூமோவுக்குப் பரம்பரைச் சொத்து இருந்தது, கூட நின்ற மனைவி இருந்தார், மறுபடி கைகொடுக்கத் தயாராக இருந்த நண்பர்கள் இருந்தார்கள். மனம் வருந்துவது யாருக்கும் முடியும். வருந்தியதை ஊர் பார்த்து ஏற்றுக்கொள்வதற்குத்தான் இவ்வளவும் வேண்டியிருக்கிறது. கீலருக்கு யாரும் அப்படி ஒரு இடம் காட்டவில்லை.

பொது பிம்பம் என்று இன்று நாம் நிறையப் பேசுகிறோம். இந்தக் கதையில் இரண்டு பிம்பங்கள் மிஞ்சின. ஒன்று, ஏழைகளுக்கு உழைத்த முதியவர். இன்னொன்று, 1963இல் லூயிஸ் மோர்லி எடுத்த புகைப்படம். வளைந்த மரப்பலகை நாற்காலியைத் திருப்பிப் போட்டுக் கீலர் உட்கார்ந்திருப்பார். நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒரு படத்தின் விளம்பரத்துக்காக எடுத்தது. ஆடையில்லாமல் போஸ் கொடுக்க அவருக்கு விருப்பமில்லை. ஒப்பந்தத்தைக் காட்டி வற்புறுத்தினார்கள். அந்தப் பெண்ணை மறைக்கத்தான் மோர்லி நாற்காலியைத் திருப்பிப் போடச் சொன்னார். மறைப்பதற்காக வைத்த அந்த நாற்காலிதான் கடைசிவரை அவருடைய முகவரி ஆனது. நாற்காலி இப்போது லண்டன் விக்டோரியா அண்டு ஆல்பர்ட் மியூசியத்தில் இருக்கிறது. கீலர் பெயரை மாற்றிக்கொண்டு வாழ்ந்து, 2017 டிசம்பரில் 75 வயதில் இறந்தார்.

புரொஃப்யூமோ போல ஒருவரை நாம் எப்போது பார்ப்போம் என்று கேட்டீர்கள். நான் வேறு ஒருவருக்காகக் காத்திருக்கிறேன். மார்ச் 22இலிருந்து ஜூன் 5 வரை 75 நாள். அதில் ஏதாவது ஒரு நாள் புரொஃப்யூமோ எழுந்து, ‘அந்தப் பெண் சொல்வது உண்மை, வார்டை விட்டுவிடுங்கள்’ என்று சொல்லியிருக்கலாம். அதற்குப் பிறகும் வாய்ப்பு இருந்தது. ஜூலையில் ஓல்டு பெய்லி நீதிமன்றத்தில் வார்டுக்கு ஒரு சாட்சி தேவைப்பட்டது. புரொஃப்யூமோவின் மௌனத்தைக் கண்ணியம் என்கிறார்கள். கண்ணியம் இருக்கலாம். அதே மௌனத்தில்தான் வார்டும் கீலரும் மாட்டிக்கொண்டு கிடந்தார்கள். வார்டைப் பற்றி ஒரு நல்ல வார்த்தையாவது சொல்ல அவருக்கு 40 ஆண்டுகள் இருந்தன. இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது, தொண்டு செய்த ஒரு மனிதர்மேல் கோபப்படுகிறோமே என்று வருத்தமும் வருகிறது. இரண்டும் இருக்கட்டும்.

வாசகர் வட்டத்தில் டாயின்பி ஹாலைப் பற்றித் தாராளமாகப் பேசுங்கள். அதற்கு முன்னால் ஒரு பத்து நிமிஷம் வார்டுக்கும் கீலருக்கும் ஒதுக்குங்கள். பெயரைச் சொல்லுங்கள். ‘அவர்’ என்றே சொல்லுங்கள். கூட்டத்தில் யாராவது ‘என்ன இருந்தாலும் அவள்…’ என்று ஆரம்பிப்பார்கள், நிச்சயம் ஆரம்பிப்பார்கள். அப்போது அந்தப் பால்குவளைக் கதையை என் பெயரைச் சொல்லியே சொல்லுங்கள். நான் ஆட்சேபிக்க மாட்டேன்.

கூட்டம் என்றைக்கு என்று எழுதுங்கள். முடிந்தால் நானும் வந்து உட்கார்ந்து கேட்கிறேன்.