சிப் போட்டால் நாய் தொலையாதா? வாசகர் கேள்விகளும் டாக்டர் பதில்களும்

டாக்டர், தீபாவளி அன்றைக்கு வெடிச் சத்தத்தில் மிரண்டு எங்க லாப்ரடோர் பையன் மதில் தாண்டி ஓடிட்டான். தேடி அலைஞ்சு ஒருவழியா கிடைச்சான். சிப் போட்டுட்டா இனி போன்லயே அவன் எங்க நிக்கான்னு பாத்துக்கலாம்னு அண்ணன் சொல்றான். சரியா?
– வாசகி, தக்கலை

பையன் திரும்பக் கிடைத்ததே பெரிய நிம்மதி. ஆனால் அண்ணன் சொல்வது சரியில்லை. இதே நம்பிக்கையோடு இன்னும் சிலரும் எழுதியிருப்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நாயின் தோலுக்கடியில் வைக்கிற இந்த மைக்ரோசிப்புக்குள் பேட்டரி கிடையாது, சிம் கிடையாது, ஜி.பி.எஸ். கிடையாது. சுமார் 12 மில்லிமீட்டர் நீளம், 2 மில்லிமீட்டர் தடிமன், ஒரு நீள அரிசி அளவுக்கு ஒரு கண்ணாடிக் குப்பி, அதற்குள் சின்ன கம்பிச்சுருளும் 15 இலக்க எண்ணைச் சுமக்கும் சில்லும். ரீடர் என்ற கருவியைத் தோளுக்கு மேல் சில சென்டிமீட்டர் நெருக்கத்தில் கொண்டுபோனால், அதிலிருந்து வரும் 134.2 கிலோஹெர்ட்ஸ் ரேடியோ அலையில்தான் அது உயிர் பெற்று எண்ணைச் சொல்லும். ரீடரை எடுத்துவிட்டால் சும்மா கிடக்கும். பையன் மார்த்தாண்டம் மேம்பாலத்துக்கு அடியில் நின்றாலும் சரி, பக்கத்து வீட்டுக் கிணற்றடியில் நின்றாலும் சரி, உங்கள் போனுக்கு ஒரு தகவலும் வராது. போனில் பார்க்கிற வசதி வேண்டுமென்றால் ஜி.பி.எஸ். வைத்த கழுத்துப் பெல்ட் தனியாக விற்கிறார்கள், அதற்குச் சார்ஜும் போட வேண்டும், சிக்னலும் கிடைக்க வேண்டும்.

அப்போ சிப் எதற்கு என்று கேட்பீர்கள். பெல்ட் அறுந்துபோகும், ஓட்டத்தில் வேலியில் மாட்டிக் கழன்றுபோகும், யாராவது வேண்டுமென்றே கழற்றி எறியவும் செய்யலாம். சிப் நாயின் ஆயுள் முழுக்க உள்ளேயே இருக்கும். இது யாருடைய நாய் என்று ஒரு வழக்கு வந்தால் அந்த எண்ணைப் போலக் கைகொடுப்பது வேறு எதுவும் இல்லை.

ஆனால் எண்ணுக்குள் உங்கள் பெயரோ முகவரியோ இல்லை என்பதை மறந்துவிடாதீர்கள். அந்த 15 இலக்கம் எந்தப் பதிவேட்டில் ஏறியிருக்கிறது, அங்கே அதற்கு நேராக யாருடைய போன் நம்பர் இருக்கிறது, விஷயம் அதில்தான் இருக்கிறது. நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இது அடிக்கடி சறுக்குகிற இடம். சிப் போடும்போது வளைகுடாவில் இருக்கும் அண்ணன் நம்பரையோ மாமா நம்பரையோ கொடுத்துவிடுகிறோம், அவர் ஊர் திரும்பியதும் அந்த நம்பர் செத்துப்போகிறது, அப்புறம் நாய் தொலைந்து யாரோ ஒரு புண்ணியவான் ஸ்கேன் செய்து கூப்பிட்டாலும் எடுக்க ஆள் இல்லை. அதனால் வீட்டிலேயே இருப்பவர் நம்பரைக் கொடுங்கள், முடிந்தால் இரண்டு நம்பர். நம்பர் மாறினால் அன்றைக்கே பதிவிலும் மாற்றுங்கள். சிப் போடுகிற டாக்டரிடம் "இந்த எண்ணை எங்கே பதிவு செய்கிறீர்கள், நான் எப்படித் திருத்துவது?" என்று கேட்காமல் வெளியே வரவே வராதீர்கள்.

கூடவே பெல்ட்டில் போன் நம்பர் பொறித்த தகடு கட்டாயம் வேண்டும். ரீடர் எல்லார் கையிலும் இருக்காது, நாயைப் பிடித்து வைத்திருக்கும் டீக்கடைக்காரர் தகட்டைத்தான் பார்ப்பார். அடுத்த தீபாவளிக்கும், பக்கத்தில் கோயில் கொடை, சர்ச் திருவிழா என்று வாணவேடிக்கை இருக்கிற நாட்களிலும் சாயங்காலமே அவனை உள்ளறையில் விட்டுக் கதவைச் சாத்திவிடுங்கள்.

எங்களுடையது ராஜபாளையம் நாய், தோல் ரொம்ப மெல்லிசு. ஊசி தடிமனாக இருக்கும் என்கிறார்கள். மயக்க மருந்து கொடுக்கணுமா?
– வாசகர், திங்கள்நகர்

வேண்டாம். தடுப்பூசி ஊசியைவிட இது தடிமன்தான், மறைக்கவில்லை. ஆனால் வேலை சில நொடிகளில் முடிந்துவிடும். முதலில் ரீடரை வைத்து ஏற்கெனவே சிப் இருக்கிறதா என்று பார்ப்பார்கள் (வளர்ப்பவரிடம் விலைக்கு வாங்கிய குட்டி என்றால் இருக்கலாம்), அப்புறம் புதுச் சிப்பைப் பாக்கெட்டோடு ஒருமுறை ஸ்கேன் செய்து எண் பொருந்துகிறதா என்று சரிபார்ப்பார்கள். இரண்டு தோள்பட்டைகளுக்கும் நடுவே தோலைக் கூடாரம் மாதிரி தூக்கிப் பிடித்து ஊசியைச் செலுத்துவார்கள், வெளியே எடுத்தபின் அந்த இடத்தை விரலால் சற்று அழுத்திப் பிடிப்பார்கள், திரும்ப ஒரு ஸ்கேன். சில நாய்கள் சிணுங்கும், பல நாய்கள் நீங்கள் கொடுக்கிற பிஸ்கட்டைத்தான் கவனிக்கும். ஒரு துளி ரத்தம் வந்தால் பயப்படாதீர்கள். ஓரிரு நாள் அந்த இடத்தைத் தேய்க்கவோ அமுக்கிப் பார்க்கவோ வேண்டாம். வீக்கமோ சீழோ தெரிந்தால் மட்டும் திரும்பக் கொண்டுபோங்கள்.

பாக்கெட்டில் பார்கோடு ஸ்டிக்கர்கள் இருக்கும். ஒன்றைத் தடுப்பூசிப் புத்தகத்தில் உங்கள் கண் முன்னாலேயே ஒட்டச் சொல்லுங்கள், அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்து வையுங்கள். மெல்லிய உடல்வாகுள்ள நாய்களில் சிப்பை விரலால் தடவி உணர முடியலாம், அதில் தப்பில்லை. வருஷத்துக்கு ஒருமுறை ரேபிஸ் ஊசிக்குப் போகும்போது அப்படியே ஸ்கேன் செய்து பாருங்கள். சில நாய்களில் சிப் கொஞ்சம் இடம் மாறி முன்னங்கால் பக்கம் இறங்கியிருக்கும்.

சென்னையில் கட்டாயமாம், இல்லாவிட்டால் அபராதமாம். நாகர்கோவிலுக்கும் அது உண்டா?
– வாசகர், வடசேரி

2025-ல் சென்னை மாநகராட்சி வீட்டு நாய்களுக்கு உரிமத்தையும் மைக்ரோசிப்பையும் கட்டாயமாக்கியது, உரிமம் எடுக்காதவர்களுக்கு 5,000 ரூபாய் அபராதம் என்றும் அறிவித்தது. அது அந்த மாநகராட்சி எல்லைக்கான ஏற்பாடு. உங்கள் பகுதி உரிம நடைமுறையை நாகர்கோவில் மாநகராட்சி அலுவலகத்தில் நேரில் கேட்டுக்கொள்வதே நல்லது, வாட்ஸ்அப் ஃபார்வர்டை நம்பாதீர்கள். என் கருத்தைக் கேட்டால், சட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் வரிசை முக்கியம். முதலில் ரேபிஸ் தடுப்பூசி, அடுத்து தகடு வைத்த பெல்ட், அப்புறம் சிப். ரேபிஸ் ஊசியைத் தள்ளிப்போட்டுவிட்டு அந்தக் காசில் சிப் போடுவதை ஏற்கவே மாட்டேன்.

மகள் ஜெர்மனியில் இருக்கிறாள், எங்கள் நாயை அங்கே கொண்டுவரச் சொல்கிறாள். ரேபிஸ் ஊசி எல்லாம் ஒழுங்காகப் போட்டாச்சு, சிப் மட்டும்தான் பாக்கி. ஒரு மாதத்தில் அனுப்பிவிடலாமா?
– வாசகி, குழித்துறை

அக்கா, டிக்கெட் எடுத்திருந்தால் தேதியை மாற்றிவிடுங்கள். ஒரு மாதத்தில் முடியாது.

ஐரோப்பிய ஒன்றிய நாடுகளின் விதிப்படி சிப்தான் முதல் படி. சிப் வைத்த பிறகு, அல்லது அதே நாளில் சிப்புக்குப் பின் போட்ட ரேபிஸ் ஊசிதான் கணக்கில் சேரும். சிப்புக்கு முன்னால் போட்ட ஊசிகள் நாய்க்குப் பாதுகாப்பு தந்திருக்கும், ஆனால் அங்கே செல்லாது. காரணம் நியாயமானதுதான், எந்த நாய்க்கு அந்த ஊசி போட்டோம் என்று நிரூபிக்க அப்போது எண் இல்லையே. ஆக சிப் போட்டுவிட்டுத் திரும்ப ஒரு ரேபிஸ் ஊசி. அதிலிருந்து குறைந்தது 30 நாள் கழித்து ரத்தம் எடுத்து, ஐரோப்பிய ஒன்றியம் அங்கீகரித்த ஆய்வகத்துக்கு அனுப்பி எதிர்ப்புச் சக்தி அளவு பார்க்க வேண்டும், மில்லிலிட்டருக்கு 0.5 ஐ.யு.வாவது (சர்வதேச அலகு) இருக்க வேண்டும். இந்தியா அவர்களின் சலுகைப் பட்டியலில் இல்லாததால் ரத்தம் எடுத்த நாளிலிருந்து 3 மாதம் காத்திருக்க வேண்டும். எல்லாம் தடங்கலில்லாமல் போனாலே நான்கு மாதத்துக்கு மேல் ஓடிவிடும். கடைசியில் மத்திய அரசின் விலங்கு தனிமைப்படுத்தல் மற்றும் சான்றளிப்புச் சேவையின் ஏற்றுமதிச் சான்றிதழும் வாங்க வேண்டும், அவர்களின் தென்னக அலுவலகம் சென்னையில் இருக்கிறது.

சிப் வாங்கும்போது ஐ.எஸ்.ஓ. 11784, 11785 தரத்தில், 15 இலக்க எண் உள்ளதுதானா என்று பாக்கெட்டில் பாருங்கள். ரத்தப் பரிசோதனைத் தாளிலும் சான்றிதழிலும் அந்த எண் ஓர் இலக்கம்கூட மாறாமல் இருக்க வேண்டும். கையால் எழுதும்போது 6-ம் 0-வும் குழம்பி, விமான நிலையத்தில் நாயோடு நின்று கண்கலங்கும் நிலை வந்துவிடக் கூடாது. ஸ்டிக்கரையே ஒட்டச் சொல்லுங்கள்.

எங்க ரப்பர் விளையில் பால்வெட்டுக்குப் போன ஆட்கள் ஒரு பக் நாயைப் பார்த்து வீட்டுக்குக் கொண்டுவந்திருக்காங்க. பெல்ட் இல்லை. உரிமையாளரைக் கண்டுபிடிக்க முடியுமா?
– வாசகர், குலசேகரம்

முயற்சி செய்யுங்கள், யாரோ ஒரு வீட்டில் சோறு இறங்காமல் இருப்பார்கள். ரீடர் வைத்திருக்கும் கால்நடை மருத்துவர் யார் என்று போனில் விசாரித்துவிட்டு அங்கே கொண்டுபோங்கள். கழுத்து, தோள், இரண்டு முன்னங்கால்கள் வரை மெதுவாக ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். எண் கிடைத்தால் முதல் மூன்று இலக்கத்தைப் பாருங்கள். 900-த்தில் தொடங்கினால் பெரும்பாலும் அது தயாரிப்பு நிறுவனத்தின் குறியீடு, அந்த நிறுவனத்தின் வழியாகத் தேடலாம். 356 என்றால் இந்தியாவுக்கான நாட்டுக் குறியீடு. இன நாய்களைப் பதிவு செய்கிற கென்னல் கிளப் ஆஃப் இந்தியா அமைப்பில் பதிவான நாயாகவும் இருக்கலாம், அங்கேயும் கேளுங்கள்.

காவல் நிலையத்தில் ஒரு தகவல் கொடுத்துவிடுங்கள். ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் படம் போடுங்கள், ஆனால் ஆணா பெண்ணா என்பதையோ உடம்பில் இருக்கும் ஏதாவது ஒரு தழும்பையோ சொல்லாமல் வைத்துக்கொள்ளுங்கள். நாய் என்னுடையது என்று வருபவர் அதைச் சொல்லட்டும், பழைய படங்களும் தடுப்பூசிப் புத்தகமும் காட்டட்டும், சிப் இருந்தால் எண் ஒத்துப்போகட்டும், அப்புறம் கொடுங்கள்.

அதுவரை உங்கள் வீட்டு நாய்களோடு சேர்த்து விடாதீர்கள், பிள்ளைகளை அதோடு விளையாடவும் விட வேண்டாம், அதற்கு ஊசி போட்டிருக்கிறதா என்று நமக்குத் தெரியாது. தூக்கி வந்தவர்கள் யாரையாவது கடித்தோ கீறியோ இருந்தால், காயம் சின்னதாக இருந்தாலும் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு இன்றைக்கே அரசு மருத்துவமனைக்கு அனுப்புங்கள், அங்கே ஊசி இலவசம்.