ஐஸ் கம்பெனியில் ஒரு வேலை

அன்புள்ள அண்ணனுக்கு,

கைதிகளைப் பகலில் வெளியே வேலைக்கு அனுப்பிவிட்டு இரவில் சிறைக்குத் திரும்ப வைக்கும் முறை பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். எங்களுக்கு மண்டபத்தில் ஐஸ் கம்பெனி. போன மாதம் எங்கள் தெருக்காரர் ஒருவர் வேலை கேட்டு வந்தார். கொலைக் கேஸில் பதிமூன்று வருடம் மதுரை ஜெயிலில் இருந்தவர். அப்பா முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டார், நான் பக்கத்தில் நின்றும் ஒன்றும் பேசவில்லை. தப்பே செய்யாத பையன்கள் இங்கே வெளிநாட்டு வேலைக்கு ஏஜெண்டிடம் பணம் கட்டி ஏமாறுகிறார்கள். கொலை செய்தவனுக்கு அரசாங்கம் வேலை தேடித் தர வேண்டுமா? செத்தவர் வீட்டுக்கு யார் வேலை கொடுத்தார்கள்?

(பெயர் வேண்டாம்), மண்டபம்


அன்புள்ள தம்பி,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். யாரும் கொடுக்கவில்லை. பெரும்பாலும் யாரும் கொடுப்பதில்லை, அதில் மழுப்ப ஒன்றுமில்லை.

ஆனால் அந்தக் கேள்வியை இந்த முறைக்கு எதிராக நீங்கள் வைப்பதுதான் எனக்கு ஒப்பவில்லை. 1998-இல் குஜராத் வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் கைதிக்கு நியாயமான கூலி கொடுக்கச் சொன்னபோதே, அதிலிருந்து பாதிக்கப்பட்டவர்களுக்கு ஒரு பங்கு போக வேண்டும் என்றும் சொன்னது. நம் மாநிலத்திலும் கைதியின் கூலியில் அதற்கென்று பிடிக்கிறார்கள். சிறைக்குள் கொடுக்கும் கூலியில் பிடித்தால் என்ன மிஞ்சும்? வெளியே போய் மற்றவர்கள் வாங்கும் சம்பளத்தை வாங்கினால்தான் அந்தப் பங்குக்கு ஒரு மதிப்பு வரும். அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலம் 1913-இல் இதற்குச் சட்டம் போட்டபோது அவர்களுக்கு இருந்த கவலையும் இந்த மாதிரிதான்: சின்னக் குற்றத்துக்கு உள்ளே போனவனுக்கு ஜெயிலில் சோறு கிடைத்துவிடுகிறது, வீட்டில் பெண்டாட்டி பிள்ளைதான் பட்டினி கிடக்கிறது, அதனால் பகலில் போய் உழைக்கட்டும், கூலி வீட்டுக்குப் போகட்டும் என்றார்கள்.

வேலையில்லாத பையன்கள் விஷயம் நியாயம்தான். ஆனால் ஐஸ் பார் தூக்க உள்ளூரில் ஆள் கிடைக்காமல் வடநாட்டிலிருந்து ஆறு பேரைக் கூட்டிவந்து தங்க வைத்திருப்பதாக உங்கள் கடிதத்தில் நீங்களே இன்னொரு பத்தியில் எழுதியிருக்கிறீர்கள். நீளம் கருதி அதை வெட்டிவிட்டேன், மன்னிக்கவும்.

இன்னொன்று. ஜெயிலுக்குப் போய் வந்த ஆள் நம் கரைக்கு ஒன்றும் புதிதில்லை. ராமேஸ்வரம், தங்கச்சிமடம், பாம்பன் பக்கம் இலங்கைக் கடற்படையிடம் பிடிபட்டு யாழ்ப்பாணத்துச் சிறையையோ வவுனியாவையோ பார்த்த ஆளே இல்லாத தெரு எத்தனை இருக்கும்? அப்படிப் போனவர்கள் திரும்பி வந்தால் ஓடிப்போய்க் கட்டிப்பிடித்து அழுகிறோம், மறுவாரம் படகில் ஏற்றிக்கொள்கிறோம். பிடிக்கத் தடை உள்ள கடல் அட்டை கேஸில் மாட்டித் திரும்பியவரிடம்கூட டீக்கடையில் யாரும் முகம் திருப்புவதில்லை. ஆக ஜெயில் என்ற கட்டிடத்தோடு நமக்குப் பகை இல்லை. போனவர் ஏன் போனார், எப்படி இருந்தார் என்பது நமக்குத் தெரிந்தால் போதும். கொலைக் கேஸில் போனவர் விஷயத்தில் அது தெரியாமலே போய்விடுகிறது. பதிமூன்று வருடத்தில் ஜெயிலில் மனு போட்டு அவரைப் பார்க்க மதுரைக்குப் பஸ் ஏறியது அவர் அம்மாவும் அக்காவும் மட்டும்தானே. நடுவில் பரோலில் வந்திருந்தாலும் வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டுப் போயிருப்பார். ஊர் மனதில் அவர் இன்னும் அந்த ராத்திரி அரிவாளோடு நின்ற ஆள்தான்.

என் சித்தப்பா வாலிநோக்கம் பக்கம் ஒரு உப்பளத்தில் கணக்குப் பார்த்தார். நான் கல்லூரியில் படித்தபோது அவர் இப்படி ஒருவரை வேலைக்குச் சேர்த்தார். நல்ல உழைப்பாளி, பாத்தியில் இறங்கினால் தலை நிமிர மாட்டார். ஆனால் ஒதுங்கப் போவதற்குக்கூட சித்தப்பாவிடம் வந்து கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். விடியற்காலையில் எழுந்து, சும்மா சாத்தி வைத்திருக்கும் கொட்டகைக் கதவுக்கு இந்தப் பக்கமே உட்கார்ந்திருப்பாராம், யாராவது வந்து திறக்கட்டும் என்று. முதல் வாரம் மற்றவர்கள் அவர் மொண்ட குடத்தில் தண்ணீர் குடிக்கவில்லை. இரண்டாவது வாரம் ஒரு அம்மா குடித்தார், அப்புறம் எல்லாரும் குடித்தார்கள். சரி, ஒட்டிக்கொண்டுவிட்டார் என்று சித்தப்பா நினைத்த மூன்றாவது வாரம், சம்பளம்கூட வாங்காமல் ஆள் காணாமல் போய்விட்டார். அடுத்த பாத்திக்கு உப்பு வாரப் புதிதாக வந்த பெண்களில் ஒருவர், இவர் கையால் செத்தவருக்குத் தங்கச்சி முறை என்பது பிறகுதான் தெரிந்தது. சித்தப்பா அதை விசாரிக்கவே இல்லை. நல்லது செய்கிறோம் என்ற நினைப்பிலேயே இருந்துவிட்டார். அந்த ஆள் எங்கே போனார் என்று கடைசி வரை தெரியவில்லை.

பகலில் வேலை, இரவில் சிறை என்ற ஏற்பாட்டை நான் தூக்கிப் பிடிப்பது இதனால்தான். கைதி திருந்துகிறாரா என்பது அவர் மனதுக்குள் நடக்கிற விஷயம், எனக்குத் தெரியாது. ஆனால் தண்டனையின் கடைசி ஒன்றிரண்டு வருடம் அவர் தினமும் வந்து போனால் இந்தக் குடம், கதவு, தங்கச்சி எல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வந்துவிடும். அன்றைக்கும் அவர் அரசாங்கத்தின் பொறுப்பில்தான் இருப்பார். சிக்கல் வந்தால் இடத்தை மாற்றலாம், கேட்க ஒரு அதிகாரி இருப்பார். விடுதலையான மறுநாள் உங்கள் ஐஸ் கம்பெனி வாசலில் நிற்கிறவருக்கு அப்படி யாரும் இல்லை.

ஜெய்ப்பூர் பக்கத்தில் சாங்கானேர் என்ற இடத்தில் 1963-லிருந்து ஒரு திறந்தவெளிச் சிறை இருக்கிறது. அங்கே கைதிகள் பெண்டாட்டி பிள்ளைகளோடு குடியிருக்கிறார்கள், அவர்களே வெளியே வேலை தேடிக்கொண்டு அந்தச் சம்பளத்தில் குடும்பம் நடத்துகிறார்கள், சாயங்காலம் வருகைப் பதிவுக்கு வந்துவிட வேண்டும். கொலைக் கேஸ்காரர்களும் அதில் உண்டு. நம்மிடம் சிவகங்கை மாவட்டத்தில் புரசடை உடைப்பில் திறந்தவெளிச் சிறை இருக்கிறது, ஆனால் அங்கே சிறையின் நிலத்திலேயே விவசாயம். சிறைத்துறையின் பெட்ரோல் பங்க்குகள் இன்னும் ஒரு படி கிட்டே வந்தவை. புழலிலும் பாளையங்கோட்டையிலும் தண்டனைக் கைதி கையால் பெட்ரோல் போட்டுக்கொண்டு ஜனங்கள் பாட்டுக்குப் போகிறார்கள்.

இதை அப்படியே நம் கரைக்குக் கொண்டுவர முடியுமா என்றால், கஷ்டம். சாயங்காலம் ஆறு மணிக்குக் கணக்குக் கொடுக்க வேண்டியவர் கடலுக்குப் போக முடியாது, எல்லைக்கு அந்தப் பக்கம் காற்று தள்ளிவிட்டால் அது தப்பியோடியதா வழிதவறியதா என்று இரண்டு நாட்டுக் கோர்ட்டிலும் வழக்கு நடக்கும். தரையில் செய்கிற வேலைதான் தோது: வலை பொத்துவது, கருவாட்டுக் களம், உப்பளம், ஐஸ் கம்பெனி.

மந்திரம் ஒன்றும் இதில் இல்லை. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் கணக்கெடுத்துப் பார்த்ததில், இப்படி வேலைக்குப் போனவர்கள் வெளியே வந்தபின் புதுக் குற்றத்தில் சிக்குவது குறைந்தது, வேலை கிடைப்பதும் கூடியது. ஆனால் விதிமீறலுக்காகத் திரும்ப உள்ளே போனவர்கள் அதிகம். பார்த்துக்கொண்டே இருந்தால் சின்னப் பிசகும் கண்ணில் படத்தானே செய்யும். இதை இங்கே நடத்துகிறவர்கள் பஸ் லேட்டானதற்கெல்லாம் ஆளைத் திரும்பப் பூட்டினால் திட்டம் ஆறு மாதம் தாங்காது.

உங்கள் தெருக்காரர் விஷயத்துக்கு வருகிறேன். எடுத்தே ஆக வேண்டும் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை, முதல் போட்டு நடத்துவது உங்கள் அப்பா. எடுப்பதாக இருந்தால் ராத்திரி லோடு ஏற்றுகிற நேரத்துக்குப் போடாதீர்கள். அந்த நேரத்தில் குடித்துவிட்டு வருகிறவர்களில் எவனாவது வாயைக் கொடுப்பான். பகல் வேலை, அன்றன்றைக்குக் கூலி, அட்வான்ஸ் வேண்டாம். பதிமூன்று வருடம் உள்ளே இருந்தவருக்கு போனில் பணம் வாங்கத் தெரியாது, கூலியைக் கையில் கொடுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால், செத்தவர் வீட்டு ஆட்கள் யாராவது உங்களிடம் ஐஸ் வாங்க வருகிறார்களா என்று பாருங்கள். வருகிறார்கள் என்றால் உங்கள் கம்பெனி வேண்டாம், உச்சிப்புளி பக்கம் தெரிந்தவர்கள் யாரிடமாவது சொல்லிவிடுங்கள். இதை விசாரித்துவிட்டு எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.