வெள்ளத்தில் மூழ்கிய காரும் அடுத்தவர் பெயரில் இருக்கும் பாலிசியும்

கேள்வி: சென்ற செப்டம்பரில் சென்னையில் ஒரு பழைய கார் கடையில் 2019 மாடல் கார் வாங்கினேன். விலை ரூ.5,40,000. மூன்று லட்சம் பேங்க் வழியாகக் கொடுத்தேன், மீதி ரொக்கம். மூன்று லட்சத்துக்குத்தான் ரசீது. கடையைக் காட்டியவர் என் மனைவியின் சித்தப்பா மகன். ‘ஆக்சிடென்ட் இல்லை, வெள்ளத்தில் நிற்கவில்லை, எல்லாம் கம்பெனி சர்வீஸ்’ என்று கடைக்காரர் வாட்ஸ்அப்பில் எழுதினார். கோயில் வாசலில் சத்தியமும் செய்தார். டிசம்பரில் ஏர்பேக் லைட் அணையாமல் எரிந்தது. கம்பெனி சர்வீஸ் சென்டரில் விட்டபோதுதான் உண்மை தெரிந்தது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் இந்தக் கார் வேளச்சேரியில் டேஷ்போர்டு வரை மூழ்கி, இன்சூரன்ஸ் கம்பெனி டோட்டல் லாஸ் என்று கணக்கை முடித்திருக்கிறது. ஆர்சி என் பெயருக்கு மாறிவிட்டது. இன்சூரன்ஸ் பழைய ஓனர் பெயரில் ஃபுல் கவராக 2026 ஏப்ரல் வரை இருக்கிறது. கடைக்காரர், உறவினர், இன்சூரன்ஸ் கம்பெனி, பெயர் மாற்றிக் கொடுத்த ஆர்டிஓ எல்லோர் மீதும் வழக்குப் போட முடியுமா? கடைக்காரர் வண்டியைத் திருப்பி விட்டால் ரூ.3,75,000 தருகிறேன் என்கிறார். என் ஏஜென்ட்டோ, ‘எதையும் சொல்லாமல் ரின்யூ பண்ணிவிட்டு வேறு கடையில் எக்ஸ்சேஞ்ச் போட்டுவிடுங்கள்’ என்கிறார்.

— மதுரை வாசகர்

பதில்: நான்கு பக்கக் கடிதத்தில் மூன்றரைப் பக்கம் ஏமாந்த கதையைச் சொல்லியிருக்கிறீர்கள். இன்சூரன்ஸ் பற்றி ஒரே ஒரு வரி. எனக்குக் கவலை தருவது அந்த ஒரு வரிதான். ஆர்சி உங்கள் பெயரில், பாலிசி வேறொருவர் பெயரில். அதைச் சரிசெய்யும்வரை காரைத் தெருவில் எடுக்காதீர்கள். கடைக்காரர் மீது நுகர்வோர் வழக்குப் போட உங்களுக்கு இரண்டு வருடம் அவகாசம் இருக்கிறது. பாலிசிக்கு அவ்வளவு நாள் கிடையாது.

மோட்டார் வாகனச் சட்டம் 157-ஆம் பிரிவின்படி, வண்டி கைமாறும்போது தேர்ட் பார்ட்டி காப்பீடும் வாங்கியவருக்கு மாறியதாகவே கருதப்படும். உங்கள் கார் மோதி யாருக்காவது அடிபட்டால் அவருக்கு நஷ்டஈடு கிடைக்க வழி உண்டு. பலர் இத்தோடு நிம்மதியாகிவிடுகிறார்கள். உங்கள் காருக்கு வரும் சேதத்துக்கு அந்தப் பிரிவு உதவாது. கம்ப்ளீட் இன்சுலேஷன்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் முப்பது வருடங்களுக்கு முன்பே இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. சொந்தச் சேதத்துக்கான காப்பீடு பாலிசிதாரருக்கும் கம்பெனிக்கும் இடையிலான தனி ஒப்பந்தம். பாலிசியில் பெயர் மாறாதவரை வாங்கியவர் அதில் ஒரு பைசா கேட்க முடியாது. விற்றவரும் கேட்க முடியாது, ஏனென்றால் வண்டி இப்போது அவருடையது அல்ல. ஆகவே இன்று இரவு கார் தீப்பிடித்தாலோ திருடுபோனாலோ நஷ்டம் முழுவதும் உங்களுடையது. ஓட்டும் உரிமையாளருக்கான 15 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீடும் உங்கள் குடும்பத்துக்குக் கிடைக்கும் என்று நம்பாதீர்கள். வண்டி கைமாறிய 14 நாளுக்குள் கம்பெனிக்கு எழுதியிருக்க வேண்டும். நான்கு மாதம் போய்விட்டது.

நீங்கள் அனுப்பிய பாலிசியில் இதைவிட மோசமான ஒன்று இருக்கிறது. இரண்டாம் பக்கத்தில் பிரீமியக் கணக்கில் நோ கிளெய்ம் போனஸ் 45 சதவீதம் என்று போட்டிருக்கிறது. நான்கு வருடம் தொடர்ந்து கிளெய்ம் வாங்காதவருக்குத்தான் அது வரும். 2023 டிசம்பரில் டோட்டல் லாஸ் பணம் வாங்கிய காருக்கு 2025 ஏப்ரலில் 45 சதவீதம் எப்படி வரும்? அந்த உரிமையாளர் வேறு காரில் சேர்த்துவைத்த போனஸாக இருந்தாலொழிய இது பொய்யாகச் சொல்லி வாங்கிய தள்ளுபடி. இப்படித்தான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன்: வெள்ளத்துக்குப் பிறகு கார் ஆர்சியோடு ஏலத்துக்குப் போனது, எடுத்தவர் பெயர் மாற்றவில்லை, ஏதோ பட்டறையில் சரிசெய்து, பழைய ஓனர் பெயரிலேயே ஆன்லைனில் ஒரு பாலிசி போட்டுவிட்டார்கள். போனஸைப் பொய்யாகச் சொல்லி எடுத்த பாலிசியில் சொந்தச் சேதப் பகுதியே பறிபோகும். போனஸ் ஆளோடு போவது, வண்டியோடு வருவது அல்ல. ஆக, நீங்கள் ஃபுல் கவர் என்று நம்பிக்கொண்டிருப்பது இன்றைக்கு உங்களுக்கு வெறும் தேர்ட் பார்ட்டிதான்.

சரி, ஏஜென்ட் சொல்வதுபோல் எதையும் சொல்லாமல் பெயர் மாற்றிக்கொண்டால்? அங்கேதான் என்னிடம் வழக்குக்கு வந்த கட்சிக்காரர்கள் பலர் விழுந்திருக்கிறார்கள். காப்பீடு என்பது மறைக்காமல் சொல்வதன் மேல் நிற்கும் ஒப்பந்தம். படிவத்தில் கேட்ட கேள்விக்குப் பொய்யாகப் பதில் எழுதினால் பிரீமியம் வாங்கும்போது யாரும் தோண்டிப் பார்க்க மாட்டார்கள். கிளெய்ம் வரும்போது சர்வேயர் சேசிஸ் நம்பரை வைத்துத் தேடுவார். பழைய கிளெய்ம் வந்து நிற்கும். ‘எனக்குத் தெரியாது’ என்று நீங்கள் சொல்ல முடியாது. சர்வீஸ் சென்டர் பிரிண்ட் அவுட்டில் உங்கள் பெயரும் தேதியும் இருக்கின்றன. கடைக்காரருக்கு எதிராக நீங்கள் பத்திரமாக வைத்திருக்கும் அதே தாள் அன்றைக்கு உங்களுக்கு எதிராகப் பேசும்.

ஆகவே இன்சூரன்ஸ் கம்பெனிக்கு மின்னஞ்சலில் எழுதுங்கள். வாங்கிய தேதி, பெயர் மாறிய தேதி, 2023 டிசம்பரில் டோட்டல் லாஸ் ஆன விவரம், அது உங்களுக்குத் தெரியவந்த தேதி எல்லாம் அதில் வரட்டும். வண்டியை வந்து பார்க்கச் சொல்லுங்கள். அவர்கள் ஐடிவியை, அதாவது பாலிசியில் காருக்குப் போடும் மதிப்பை, குறைக்கலாம், சொந்தச் சேதத்துக்குக் காப்பீடே கிடையாது என்று சொல்லலாம். சொல்லட்டும். உங்கள் பெயரில் தேர்ட் பார்ட்டி பாலிசி மட்டும் கிடைத்தாலும் பரவாயில்லை. நமக்கு எது இருக்கிறது, எது இல்லை என்று தெரிந்து வண்டி ஓட்டலாம். ஏஜென்ட்டிடம் வாயால் சொன்னது கணக்கில் வராது.

எக்ஸ்சேஞ்ச் யோசனையை இன்றோடு விட்டுவிடுங்கள். இதுவரை நீங்கள் ஏமாற்றப்பட்டவர். தெரிந்தே மறைத்து இன்னொருவர் தலையில் கட்டினால், கடைக்காரர் மீது நாம் சொல்லும் அதே மோசடிக்கு, ஒப்பந்தச் சட்டம் 17-ஆம் பிரிவில், ஏமாற்றியவர் நீங்கள். அந்தக் காரில் ஏறப்போகும் குடும்பத்துக்கு விபத்தில் ஏர்பேக் விரியுமா என்றே நமக்குத் தெரியாது. இதற்கு நான் ஒருநாளும் யோசனை சொல்ல மாட்டேன்.

இனி மற்றவை. இன்சூரன்ஸ் கம்பெனி மீதும் ஆர்டிஓ மீதும் வழக்குக்கு இடமில்லை. ரிப்பேர் செலவு ஐடிவியில் 75 சதவீதத்தைத் தாண்டினால் டோட்டல் லாஸ். ஆறு லட்சம் ஐடிவி உள்ள காருக்கு எஸ்டிமேட் நாலரை லட்சத்தைத் தாண்டினாலே போதும். அது பணக் கணக்கு. வண்டி இனி ஓடவே ஓடாது என்று யாரும் தீர்ப்புச் சொன்னதாக ஆகாது. நம் நாட்டில் ஆர்சி புத்தகத்தில் அதைக் குறிக்கும் வழக்கமும் இல்லை. பதிவு ரத்தாகாத காரைச் சரிசெய்து விற்பது குற்றம் அல்ல, மறைத்து விற்பதுதான் தவறு. உறவினர், சத்தியம், கோயில் இவை வழக்கில் எதற்கும் ஆகாது. போலீஸில் புகார் கொடுத்தால் புகாரைப் பெற்றதற்கு சிஎஸ்ஆர் ரசீது தருவார்கள், ‘இது சிவில் மேட்டர்’ என்பார்கள், இரண்டு பேரையும் கூப்பிட்டுப் பேசுவார்கள். அதற்கு மேல் நகர்வது கடினம்.

ஒன்றை மட்டும் உடனே பாருங்கள். காரில் பொறித்திருக்கும் சேசிஸ் நம்பரும் ஆர்சியில் உள்ளதும் ஒன்றுதானா, அந்த இடத்தில் வெல்டிங்கோ புதுப் பெயின்ட்டோ தெரிகிறதா? டோட்டல் லாஸ் காரின் எண்ணைத் திருட்டுக் காரில் அடித்து விற்பது நடக்கிற விஷயம். உங்கள் படங்களில் சீட் பெல்ட்டை முழுதும் இழுத்தால் அடியில் சேற்றுக் கோடு தெரிகிறது, சீட் தண்டவாளத்தில் துரு இருக்கிறது. மூழ்கிய அதே கார்தான் என்று தோன்றுகிறது. எண்ணில் சந்தேகம் வந்தால் சமாதானப் பேச்சே கூடாது, நீங்களே முதலில் போலீஸுக்கு எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.

கடைக்காரருக்கு எதிராக உங்களிடம் உள்ள ஒரே பலமான சாட்சியம் அந்த வாட்ஸ்அப் வரி. அவர் சும்மா இருந்திருந்தால், ‘சர்வீஸ் சென்டரில் விசாரித்திருந்தால் உங்களுக்கே தெரிந்திருக்குமே’ என்று ஒப்பந்தச் சட்டம் 19-ஆம் பிரிவின் விலக்கைக் காட்டித் தப்பப் பார்ப்பார். ‘வெள்ளத்தில் நிற்கவில்லை’ என்று பொய்யை எழுதியே கொடுத்தவருக்கு அந்த வழி எளிதல்ல. அந்த போனை மாற்றாதீர்கள், சாட் எதையும் அழிக்காதீர்கள். கோர்ட்டில் தாக்கல் செய்யும்போது, மின்னணுப் பதிவுகளுக்கான புதிய சாட்சியச் சட்டம் (பாரதிய சாக்ஷ்ய அதிநியம்) 63-ஆம் பிரிவுச் சான்றிதழ் வேண்டும். வண்டியில் எதையும் கழற்றி மாற்றாதீர்கள். வயரிங்கைப் புதிதாகப் போட்ட பிறகு நிபுணர் வந்து எதைப் பார்ப்பார்? இந்தக் கார் வேண்டாம் என்பதை இப்போதே கடைக்காரருக்கு நோட்டீஸில் எழுதுங்கள். தெரிந்த பிறகும் மாதக்கணக்கில் ஓட்டினால் ஏற்றுக்கொண்டதாகவே வாதம் வரும்.

வழக்கை மதுரையிலேயே போடலாம், கட்டணமும் சில நூறு ரூபாய்க்குள்தான். ஆனாலும் சமாதானமாகப் போங்கள் என்றுதான் சொல்வேன். சோதனை தேவைப்படும் பொருளென்றால் ஐந்து மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் தீர்ப்பு, அப்பீல், நிறைவேற்று மனு என்று வருடங்கள் போகும். அதுவரை கார் உங்கள் வாசலில் நின்று துருப்பிடிக்கும். ரொக்கம் 2,40,000-க்கு ரசீது இல்லை. இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கியதற்கு அவர்தான் வருமான வரித்துறைக்குப் பதில் சொல்ல வேண்டும், ஆனால் கொடுத்ததை நிரூபிப்பது உங்கள் பாடு. 3,75,000 குறைவு. நாலே முக்கால் லட்சம் கேளுங்கள், நாலரைக்கு வந்தால் முடியுங்கள். அறுபத்தைந்து, தொண்ணூறு ஆயிரம் போவது வலிக்கும்தான். வீட்டில் நிம்மதி வரும்.

முடிக்கும் விதத்தில்தான் அடுத்த ஆபத்து இருக்கிறது. பணம் கைக்கு வந்த சந்தோஷத்தில் பலர், வாங்குபவர் பெயரை நிரப்பாத 29, 30 எண் பெயர் மாற்றப் படிவங்களில் கையெழுத்துப் போட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு வருவார்கள். ஆர்சி இவர்கள் பெயரிலேயே நிற்கும். வண்டி மூன்று கை மாறும். ஏதோ ஊரில் யாரையோ இடித்துவிடும், பாலிசி இருக்காது. 2018-இல் நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான்: எத்தனை கை மாறியிருந்தாலும் பதிவேட்டில் யார் பெயரோ அவரே உரிமையாளர், நஷ்டஈடும் அவர் பொறுப்பு. ஒரு கட்சிக்காரரின் மனைவி வீட்டுக்கு வந்த சம்மனை எடுத்துக்கொண்டு என் அலுவலகத்துக்கு வந்தார். கார் அவர்கள் கையைவிட்டுப் போய் வெகுநாள் ஆகியிருந்தது. மறு விற்பனைப் பணம் எப்போதோ செலவாகிவிட்டது. அவர்கள் வீட்டின் மேல் ஜப்தி வரும் நிலை.

கடைக்காரரிடம் பதிவு பெற்ற வாகன வியாபாரிக்கான அங்கீகாரம் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள விதிப்படி, அங்கீகாரம் உள்ளவரிடம் வண்டியை ஒப்படைத்து அதை அரசின் போர்ட்டலில் பதிந்தால் அன்று முதல் பொறுப்பு அவருக்குப் போகும். அங்கீகாரம் இல்லையென்றால் அவர் பெயருக்கோ அவர் காட்டும் ஆளின் பெயருக்கோ ஆர்சி மாறிய பிறகே வண்டி உங்கள் வாசலை விட்டு நகர வேண்டும். ஒப்பந்தத்தில் இந்தக் கார் 2023 வெள்ளத்தில் டோட்டல் லாஸ் ஆனது என்ற வரி கட்டாயம் இருக்கட்டும். அதை எடுக்கச் சொன்னால் கையெழுத்துப் போடாதீர்கள். பின் தேதியிட்ட செக் வேண்டாம். பவுன்ஸ் ஆனால் 138-ஆம் பிரிவில் இன்னொரு வழக்கை நீங்கள் நடத்த வேண்டிவரும். ஆர்டிஜிஎஸ் மூலம் முழுத் தொகையும் கணக்கில் ஏறிய பிறகு சாவியைக் கொடுங்கள், கொடுத்த தேதியையும் நேரத்தையும் எழுதி அவரிடம் கையெழுத்து வாங்குங்கள்.